பழைய ஓவியங்களில் பூனைக்கு ஏன் மனித முகம்?

கரிக்கோல் கேட்டது:

சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றுக்குப் படம் வரைகிறேன். இடைக்கால ஐரோப்பாவில் ஒரு மடாலயம், அங்கே ஒரு பூனை, இதுதான் கதை. அந்தக் காலத்து ஆட்களே பூனையை எப்படி வரைந்தார்கள் என்று பார்த்துவிடலாம் என்று, நூலகங்கள் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் கையெழுத்துப் பிரதிகளைப் புரட்ட ஆரம்பித்தேன். தலை சுற்றுகிறது.

பாதிப் பூனைகளுக்கு மனித மூக்கு. சிலவற்றுக்குப் புருவமும் உண்டு. ஒன்று, கொடுத்த கடன் திரும்பி வராத பெரியவர் மாதிரி என்னை முறைக்கிறது. சிங்கங்கள் இன்னும் மோசம்: சுருள் முடி, அசட்டுச் சிரிப்பு. சிங்கத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூனை? எழுதுகிற மேசைக்கு அடியிலேயே படுத்துக் கிடந்திருக்குமே. அதே ஆட்கள் அங்கியின் மடிப்பை அவ்வளவு அழகாகப் போடுகிறார்கள்.

இதில் எகிப்துக்காரர்கள் இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னாலேயே பூனையைச் சரியாக வரைந்துவிட்டார்கள். நடுவில் என்னதான் ஆயிற்று? அப்புறம், நான் பார்த்துப் பழக வேண்டிய ஓவியங்கள் எவை?

ஏடுபுரட்டி:

சிங்கத்துக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். பார்க்காததை வரைந்தார்கள், அவ்வளவுதான். ஜெர்மன் ஓவியர் டியூரர் 1494-ல் வரைந்த சிங்கம் ஒன்று ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிங்கம் என்பதைவிட வெனிஸ் நகரச் சின்னமான சிறகுச் சிங்கத்துக்கு உயிர் வந்தது போல இருக்கும். 1521-ல் கெண்ட் நகரத்தில் உயிருள்ள சிங்கங்களைப் பார்த்து வெள்ளி ஊசியால் வரைந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பாதங்களின் கனத்தைக் கற்பனையில் கொண்டுவர முடியாது.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். சுவீடனில் கிரிப்ஸ்ஹோம் கோட்டையில் பாடம் செய்த சிங்கம் ஒன்று நிற்கிறது. 1731-ல் அல்ஜீர்ஸிலிருந்து சுவீடன் அரசருக்குப் பரிசாக வந்தது. அது செத்தபிறகு தோலும் எலும்பும் மட்டும்தான் பாடம் செய்பவர் கைக்குப் போயிற்று. கண் இரண்டும் நெருங்கி, நாக்கு வெளியே தொங்கி... படத்தைத் தேடிப் பாருங்கள், நான் விவரிக்கப் போவதில்லை.

மைக்கூடு:

"பார்க்கவில்லை" என்ற பதில் சிங்கத்துக்கே பாதிதான் பொருந்தும். பூனைக்குப் பொருந்தவே பொருந்தாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு வரையச் சொல்லித் தருகிறவன் நான். இதே முகங்களை அவர்கள் தாளிலும் பார்க்கிறேன்.

முதலில் சிங்கம். 13-ஆம் நூற்றாண்டில் வில்லார் த ஒன்னகூர் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த வரைபடச் சுவடி பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் நம்மை நேராகப் பார்க்கிற சிங்கம் ஒன்று உண்டு. காம்பஸ் வைத்துப் போட்டது மாதிரி வட்ட முகம், அதைச் சுற்றி வரிசையாகச் சுருள்கள். பக்கத்திலேயே அவர் எழுதுகிறார்: இந்தச் சிங்கம் உயிரோடு இருப்பதைப் பார்த்து வரையப்பட்டது, தெரிந்துகொள்ளுங்கள் என்று. சிங்கத்தைப் பழக்குகிறவர் அதன் கண்ணெதிரில் நாய்களை அடித்து அதைப் பணிய வைப்பார் என்று இன்னொரு விவரமும் தருகிறார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பார்த்திருக்கலாம். ஆனால் கை, தனக்கு ஏற்கெனவே தெரிந்த சிங்கத்தைத்தான் போட்டது.

அந்த "தெரிந்த சிங்கம்" எங்கிருந்து வந்தது? விலங்குகளைப் பற்றிய கதைகளையும் அவற்றின் மதப் பொருளையும் சொல்லும் அந்தக் கால விலங்கு நூல்களிலிருந்து. அவற்றில் சிங்கத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? குட்டிகள் செத்தே பிறக்கும், மூன்றாம் நாள் தந்தை வந்து மூச்சு விட்டதும் உயிர் வரும். அது கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலுக்கான அடையாளம். படம் வரைகிறவருடைய வேலை அந்தக் கதையைக் காட்டுவது. பிடரி எங்கே தொடங்குகிறது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. பூனைக்கு அந்தப் பெருமையும் கிடையாது. எலி பிடிக்கும், இருட்டில் கண் தெரியும் என்று கொஞ்சம் எழுதிவிட்டு அடுத்த விலங்குக்குப் போய்விடுவார்கள். படமும் முந்தைய சுவடியைப் பார்த்து வரைந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

இப்போது ஒன்று செய்யுங்கள். உங்களை முறைக்கிற அந்தப் பூனையின் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு உடம்பை மட்டும் பாருங்கள். முதுகு வளைந்திருக்கும் விதம், எலியைக் கவ்விக்கொண்டு போகும்போது கழுத்து நிமிர்ந்திருப்பது, பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நக்குவது எல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நக்குகிற பூனையை ஏட்டின் ஓரத்தில் வரைவதில் அவர்களுக்குத் தனி ஆனந்தம் என்றே தோன்றுகிறது. பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்கள். தடுக்கி விழுந்த இடம் முகம்.

என் கணிப்பு இதுதான். குதிரை, நாய் இவற்றின் முகத்தைப் பக்கவாட்டில் ஒரே கோட்டில் சொல்லிவிடலாம், ஏனென்றால் மூஞ்சி நீளம். பூனைக்கு மூஞ்சி குட்டை. முகம் பாதி நம் பக்கம் திரும்பியிருக்கும் கோணத்தில் பார்த்தால் அது இருக்கிற இடமே தெரியாது. நிழல் போட்டால்தான் முன்னால் துருத்திக்கொண்டு வரும். இவர்களோ கோடு இழுத்து உள்ளே தட்டையாக வண்ணம் நிரப்பிப் பழகியவர்கள். மேலும் பூனைக்கு இரண்டு கண்ணும் நம்மைப் போலவே முன்பக்கம் பார்க்கின்றன. நாள் முழுக்கப் புனிதர்களின் முகங்களை வரைகிற கை, முன்னால் பார்க்கிற இரண்டு கண்ணைப் போட்டதும் என்ன செய்யும்? நடுவில் ஒரு மூக்கை இறக்கிவிடும். என் மாணவர்கள் இன்றைக்கும் இதையே செய்கிறார்கள்.

எகிப்துக்காரர்கள் தப்பித்ததும் இதனால்தான். பக்கவாட்டு முகம் அவர்கள் மரபு. நெபாமுன் என்ற எகிப்திய அதிகாரியின் கல்லறைச் சுவரிலிருந்து வந்து பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிற வேட்டைக் காட்சியைப் பாருங்கள், ஏறக்குறைய கி.மு. 1350. நாணல் புதரில் ஒரு பூனை, வாயில் ஒரு பறவை, நகங்களில் வேறு பறவைகள், கண்ணில் பொன் பூச்சு. இவ்வளவு பரபரப்பிலும் உடம்பின் வரிகள் ஒழுங்காக ஓடுகின்றன. ஏறத்தாழ 800-ஆம் ஆண்டில் உருவாகி, இப்போது அயர்லாந்தில் இருக்கும் கெல்ஸ் நூல் என்ற நற்செய்திச் சுவடியில்கூட, ஒரு பக்கத்தை நிறைக்கும் பெரிய அலங்கார எழுத்தின் அடியில் பதுங்கியிருக்கும் பூனைகள் பரவாயில்லை ரகம். இரண்டு எலிகள் வட்டமான நற்கருணை அப்பத்துக்கு அடித்துக்கொள்ளும், பூனைகள் பார்த்துக்கொண்டிருக்கும்.

முகம் கடைசியில் எப்போது பிடிபட்டது என்றால், ஒரே விலங்கைத் திரும்பத் திரும்ப வரைந்துபார்க்கத் தாள் கிடைத்தபோது. லியனார்டோவின் தாள் ஒன்று வின்சர் அரச சேகரிப்பில் இருக்கிறது. தூங்குகிற பூனை, சண்டை போடுகிற பூனை, முதுகைத் தூக்குகிற பூனை என்று தாள் நிறையப் பூனைகள். நடுவில் சில சிங்கமாக மாறிவிடுகின்றன, ஒன்று குட்டி டிராகனாகவே ஆகிவிட்டது! நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கல்தச்சன்:

மைக்கூடு சொல்வதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசுப் பாறையில் பின்னங்காலால் மூஞ்சியைச் சொறிகிற மானைப் பார்த்திருப்பீர்கள். யானைக் குட்டிகளும் அப்படியே உயிரோடு இருக்கின்றன. அதே பாறையில் இருக்கும் சிங்கங்களோ சுருள் பிடரியோடு அரச முத்திரையில் இருந்து இறங்கி வந்தவை. ஒரே காலம், ஒரே மரபு. மானைக் கவனித்த சிற்பிகளுக்குச் சிங்கம் ஒரு சின்னம்.

பூனையும் அங்கே உண்டு. பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றி எலிகள். மேலே தவம் செய்கிற மனிதரின் நிலையை அப்படியே நக்கல் செய்கிறது. மகாபாரதத்தில் வருகிற போலித் தவசிப் பூனை, நாம் இன்று உருத்திராட்சப் பூனை என்று திட்டுகிற அதே ஆசாமி. 19-ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவின் காளிகாட் பட ஓவியர்கள் இதையே நெற்றியில் வைணவ நாமம் போட்டு, வாயில் இறாலோ மீனோ கவ்வ வைத்து வரைந்தார்கள். அந்தப் பூனைகளுக்கும் மனிதச் சாயல்தான். ஆனால் அது வேண்டுமென்றே வைத்தது.

காட்டுப் பூனையினத்தில் எனக்குப் பிடித்தவை முகலாயர் காலத்துச் சிவிங்கிப்புலிகள். அக்பர்நாமா ஓவியங்களில் கண்ணைக் கட்டி வண்டியில் உட்கார வைத்திருப்பார்கள். வேட்டைக்கு அரண்மனையிலேயே வளர்த்த விலங்கு என்பதால், ஒல்லி இடுப்பும் நீண்ட காலும் பிசகவில்லை. மதராஸ் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகட் இங்கிலாந்து அரசருக்கு ஒரு சிவிங்கிப்புலியைக் கொடுத்தார். 1764-ல் வின்சரில் அதைக் கலைமானோடு மோத விட்டார்கள், மான் விரட்டியடித்தது. ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் அந்த விலங்கையும் கூட வந்த இரண்டு இந்தியர்களையும் வரைந்த ஓவியம் மான்செஸ்டரில் இருக்கிறது. அதில் சிவிங்கிப்புலி தோற்ற மாதிரி தெரியாது.

கரிக்கோல்:

கட்டைவிரல் வைத்துப் பார்த்தேன். உடம்பு நிஜமாகவே பூனை! இன்னும் இரண்டு சந்தேகம். ஜப்பான் ஓவியங்களில் புலி எல்லாம் பெரிய வீட்டுப் பூனை மாதிரி இருப்பது ஏன்? அப்புறம், என் பூனைக்கு என்ன நிறம் கொடுக்கலாம்?

மைக்கூடு:

ஜப்பானில் காட்டுப் புலி கிடையாது. சீன ஓவியங்களும் இறக்குமதியான தோல்களும்தான் ஆதாரம். சிறுத்தைத் தோலைப் பார்த்து அதைப் பெண்புலி என்று நினைத்தவர்களும் உண்டு. அதனால் கியோத்தோவின் நிஜோ கோட்டைச் சுவர்களில் புலிகளுக்கு நடுவே சிறுத்தை குடும்பம் நடத்துகிறது. 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் மருயாமா ஓக்யோ தோலின் ஒவ்வொரு மயிரையும் வரைந்தார். உள்ளே இருக்கிற உடம்புக்கும் கண்ணுக்கும் வீட்டுப் பூனைதான் கிடைத்தது. புலியின் கண்மணி வட்டம், வெளிச்சத்தில் சுருங்கினாலும் வட்டம்தான். ஓவியப் புலிகளுக்கோ பூனை மாதிரி நெட்டுக்குத்தான கண்மணி. ஓக்யோவின் சீடர் ரொசெட்சு 1786-ல் குஷிமோட்டோவின் முர்யோஜி கோயிலின் நகர்த்துக் கதவுகளில் வரைந்த புலி பாயத் தயாராக நிற்கும். அதன் மறுபக்கத்தில் ஒரு பூனை மீனைக் குறி வைக்கிறது. மீனின் கண்ணுக்குப் பூனை எப்படித் தெரியுமோ அதுதான் முன்பக்கப் புலி என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

முகம் பழக ஸ்பானிய ஓவியர் கோயா வரைந்த மானுவேல் ஒசோரியோ சிறுவன் படத்தை எடுங்கள். கயிற்றில் கட்டிய பறவையை மூன்று பூனைகள் பார்க்கின்றன, மூன்றாவது இருட்டில் கண் மட்டும்தான். உரோமம் சிலிர்ப்பதற்கு பிரெஞ்சு ஓவியர் ஷார்டானின் திருக்கை மீன் ஓவியம், 1728. இரண்டும் உங்கள் கதைக்குப் பிந்திய காலம்தான், ஆனாலும் பூனை மாறவில்லை.

நிறம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. பழைய பூனை எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2017-ல் ஒரு கட்டுரை வந்தது. பக்கவாட்டில் பெரிய சுழல் சுழலாக இருக்கிற தோற்றத்துக்கான மரபணு இடைக்காலத்தில்தான் தலைகாட்டுகிறது, பரவலானது இன்னும் பிந்தி என்கிறார்கள். எனவே சுழல் வேண்டாம். சாம்பல் உடம்பில், முதுகிலிருந்து வயிற்றுப் பக்கம் இறங்கும் மெல்லிய வரிகள் போடுங்கள். மெழுகுவத்தி வெளிச்சக் காட்சி என்றால் கண்மணியை நன்றாக விரித்து வட்டமாகவே வையுங்கள், கீற்றாகப் போட்டால் பகல் என்றாகிவிடும்.