பழைய சிற்றிதழ் பிரதி வேணுமுங்க

சென்னிமலைக் கவிஞர் ஒருத்தருக்காகக் கேட்கிறோம். "தறி நின்ற வீட்டில் கடிகாரம் மட்டும் நெய்கிறது" என்று தொடங்கும் அவரோட கவிதை, இன்னொருத்தர் தொகுப்புல எழுத்து மாறாம வந்திருக்குது. பேருமில்லை, நன்றியுமில்லை. வெறும் கருத்தை மட்டும் எடுத்த இன்னும் ரெண்டு கவிதையைப் புகார்ல சேர்க்காம விட்டாச்சு, ஏன்னா 1957 பதிப்புரிமைச் சட்டம் சொல்லமைப்பைத்தான் காக்கும். பதிவு கட்டாயமில்லை. 57-ம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கொடுத்திருந்தாலும் தன் பேரைப் போடச் சொல்லிக் கேட்கலாம்.

சிக்கல் தேதிதான்: நம்ம கவிஞர்தான் முதல்ல எழுதினாருன்னு காட்டணும். கையெழுத்துப் பிரதியில எப்ப வேணா தேதி போட்டுக்கலாம்னு எதிர்த்தரப்பு மடக்கும். அதனால அந்தக் கவிதை அப்பவே அச்சான சிற்றிதழ் வேணும்: அட்டை, மாதமும் அச்சகமும் உள்ள பக்கம், கவிதைப் பக்கம். அட்டை கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்லீங்க. ஸ்கேன் அனுப்புங்க, அசலைத் தூக்கிப் போட்டுறாதீங்க. இதழ் பேரு இன்பாக்ஸ்ல தர்றோம்.

62-ம் பிரிவுப்படி கவிஞர் குடியிருக்கிற ஈரோடு மாவட்டத்துலயே வழக்குப் போடலாம். முதல்ல நோட்டீஸ்தான். பதிப்புரிமை வழக்கு பார்க்கிற வக்கீல் ஈரோடு, கோவைப் பக்கம் இருந்தா சொல்லுங்க.