அலெக்சாண்டர் ஊற்றிய தண்ணீர்: மாபெரும் படைத்தளபதி யார்?

நல்லூர்ப் பொடியன்:
நேற்றுப் பின்னேரம் யாழ்ப்பாணம் பண்ணையில் கோட்டைப் பக்கம் இருந்து நாலு பேர் கதைத்தோம். கதை முடிய முதலே இருட்டிவிட்டது, அதனால் இங்கே கொண்டு வருகிறேன். வரலாற்றில் மாபெரும் படைத்தளபதி யார்? ஒரே ஒரு வேண்டுகோள், எங்கள் போரை இதற்குள் இழுக்க வேண்டாம். எல்லார் வீட்டிலும் இழப்பு இருக்கிறது. அதில் யாருக்கும் முதலிடம் கொடுக்க எனக்கு மனம் இல்லை.

என் விடை அலெக்சாண்டர். பெரும் போர் ஒன்றிலும் அவன் தோற்கவில்லை. கி.மு. 332இல், இன்றைய லெபனானில் இருக்கும் டயர் நகரம் கடலுக்குள் ஒரு தீவு. கல்லும் மரமும் கொட்டி, பண்ணைப் பாதை மாதிரிக் கடலுக்குள் ஒரு பாதை போட்டு, ஏழு மாதத்தில் பிடித்தான். அந்தப் பாதையில் மண் சேர்ந்து சேர்ந்து இன்றைக்கு டயர் தீவே இல்லை, கரையோடு ஒட்டிவிட்டது. அடுத்த வருடம் கௌகமேலாவில் தன்னுடையதைவிடப் பெரிய பாரசீகப் படையை உடைத்தான். கெத்ரோசியாப் பாலைவனத்தில் வீரர்கள் எங்கோ கிடைத்த கொஞ்சத் தண்ணீரைத் தலைக்கவசத்தில் ஏந்தி வந்து கொடுத்தபோது, எல்லாரும் பார்க்க மணலில் ஊற்றினான். படைக்கு இல்லாத தண்ணீர் தனக்கும் வேண்டாம் என்றவனுக்குப் பின்னால் யார் போகமாட்டார்கள்?

வல்வைக் கடலோடி:
தம்பி, நீர் தரையிலேயே நிற்கிறீர். 1025இல் ராஜேந்திர சோழனின் படை வங்கக் கடலைத் தாண்டி, இன்றைய மலேசியாவில் இருக்கும் கடாரத்தை அடித்தது. 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று கல்வெட்டில் அவன் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தி சொல்கிறது. இந்த வரியைக் கடலில் போய் வந்தவன் வாசித்தால் உடம்பு சிலிர்க்கும். பாய்க்கப்பல் கிழக்கே போகத் தென்மேற்கில் இருந்து வரும் சோளகக் காற்று வேண்டும், திரும்பி வர வாடை வேண்டும். காற்றுத் தப்பினால் அரை வருடம் அந்நிய கரையில் கிடக்க வேண்டும். குடிதண்ணீர், அரிசி, நோயாளி எல்லாவற்றையும் கணக்குப் போடாமல் ஒருவன் நங்கூரம் தூக்க மாட்டான்.

மானிப்பாயான்:
அண்ணை, அது அரசன் கல்லில் வெட்டுவித்த புகழ். அந்தக் கப்பல்களை நடத்திய தளபதி யார்? மெய்க்கீர்த்தியில் அவன் பெயர் இல்லை. அலெக்சாண்டரும் அரசன்தான், அவனைப் பதவியிலிருந்து இறக்க யாரும் இருக்கவில்லை. தளபதி என்றால் இன்னொருவரின் கட்டளைக்குக் கீழே நிற்பவன். அரபுத் தளபதி காலித் இப்னு வலீதைப் பாருங்கள். கலீபா உமர் தலைமைப் பொறுப்பை எடுத்து அபூ உபைதாவிடம் கொடுத்த பிறகும், அவருக்குக் கீழே நின்று 636இல் யர்மூக்கில் பைசாந்தியப் பெரும்படையை முறியடித்தார். எங்கள் பக்கத்தில் பரஞ்சோதியார். 642இல் பல்லவனுக்காக வாதாபியை வென்றவர், அப்புறம் வாளை வைத்துவிட்டுச் சிறுத்தொண்டராக அடியார்க்கு அமுது படைத்தார்.

நல்லூர்ப் பொடியன்:
காலிதும் தோற்காதவர் என்றுதான் வரலாறு சொல்கிறது. அப்படியென்றால் என் அளவுகோலுக்குத்தான் நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள்.

கொக்குவில் ரீச்சர்:
தோற்காததுதான் அளவுகோல் என்றால், கி.மு. 202இல் சாமாவில் கார்த்தேஜின் ஹனிபலைத் தோற்கடித்த ரோமத் தளபதி சிப்பியோவை ஏன் சிலருக்கே தெரிகிறது? தோற்ற ஹனிபல் அதற்கு முதல் ரோமரை வென்ற கன்னே போரைத்தானே இன்றுவரை இராணுவக் கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

தம்பி, அந்தத் தண்ணீர்க் கதையை நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதே பயணத்தில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இராத்திரி ஓடை ஒன்றின் கரையில் முகாம் போட்டிருந்தபோது திடீர் வெள்ளம் வந்து, படையோடு வந்த பெண்களையும் பிள்ளைகளையும் அடித்துக்கொண்டு போனது. தண்ணீரை ஊற்றியவன்தான் அவர்களை அந்த வழியால் கூட்டி வந்தவனும். நீங்கள் இருந்து கதைத்த கோட்டையையே எடுங்கள். 1658இல் ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்த போர்த்துக்கேயரைப் பசியும் நோயும்தான் பணிய வைத்தன.

என் ஆள் வியட்நாமின் தளபதி ஜியாப். வரலாற்று ஆசிரியராக இருந்தவர். 1954 ஜனவரியில் தியன் பியன் பூவில் இருந்த பிரெஞ்சு முகாமைத் தாக்க எல்லாம் தயார். பீரங்கிகளை மலைக்கு மேல் கையாலேயே இழுத்து ஏற்றியிருந்தார்கள். கடைசி நேரத்தில் இது சரிவராது என்று கண்டு தாக்குதலை நிறுத்தி, இழுத்த பீரங்கிகளைத் திரும்ப இழுக்கச் சொன்னார். எல்லாரும் துடித்துக்கொண்டு நிற்கும்போது 'இன்றைக்கு இல்லை' என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! மார்ச் 13இல் தொடங்கினார், மே 7இல் பிரெஞ்சு முகாம் விழுந்தது. அந்த 56 நாளும் மனிதத் தோளிலும் சைக்கிளிலும்கூட அரிசி போனது. ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேலும் ஏற்றியிருக்கிறார்கள்.

நல்லூர்ப் பொடியன்:
ரீச்சர், அந்தப் போரில் செத்தவர்கள் வியட்நாம் பக்கத்தில்தான் அதிகம். அலெக்சாண்டர் மேல் பிள்ளைகளின் கணக்கை வைத்தால், இதையும் வைக்க வேண்டும்.

கொக்குவில் ரீச்சர்:
வையுங்கள். அதை நான் மறைக்க மாட்டேன். ஜனவரியில் நிறுத்தாமல் விட்டிருந்தால் இன்னும் கூடியிருக்கும் என்றுதான் நம்புகிறேன். எதிரியை விழுத்தும் திறமை இந்த வரிசையில் எல்லாருக்கும் இருந்தது. தன் ஆட்களின் உயிரை எண்ணிப் பார்த்துக் கையை மடக்கியவர் யார் என்றுதான் நான் தேடுகிறேன்.

வல்வைக் கடலோடி:
ரீச்சர், 200 கிலோவை ஒரு சைக்கிள் எப்படித் தாங்கும்? விறகு ஏற்றினாலே எங்கள் சைக்கிள் சரியும்.

கொக்குவில் ரீச்சர்:
ஏறி ஓடுவதில்லை, அண்ணை. ஹாண்டிலில் ஒரு நீளத் தடியைக் கட்டி வெளியே நீட்டி விடுவது, அதைப் பிடித்துத் திருப்பலாம். சீற்றுக்குப் பின்னால் இன்னொரு தடியை நிமிர்த்திக் கட்டுவது, அதைப் பிடித்துத் தள்ளலாம். மூட்டைகள் நடுவில், சில்லுக்கு இரண்டு பக்கமும் தொங்கும்.

தம்பி கேட்டபடி எங்கள் போருக்குள் நான் போகவில்லை, சனம் நடந்ததை மட்டும் சொல்கிறேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்துச் சனம் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது, அப்பா எங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கரியரில் அம்மம்மா, ஹாண்டிலில் அரிசிப் பை, பாருக்குக் குறுக்கே உடுப்பு மூட்டை. நல்ல மழை. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட அரிசிப் பையின் கயிறு அறுந்தது. நிற்க இடமில்லை, பின்னால் சனம் நெருக்குகிறது. யாரோ ஒருவர் தன் தோளில் கிடந்த துவாயைக் கிழித்துப் பையைக் கட்டிவிட்டு, முகத்தைக்கூடக் காட்டாமல் முன்னால் போய்விட்டார். சாவகச்சேரிக்குப் போய்ச் சேரும்வரை அந்த முடிச்சு அவிழவில்லை.