புதுப்பிப்பு: அம்மாவின் மனச்சோர்வும் சிஆர்பியும்

தை மாசம் கேட்டிருந்தேன்: குடியாத்தத்தில் அம்மாவுக்கு மனச்சோர்வு மாத்திரை சரியாகக் கேட்கவில்லை, காலையில் விரலும் மடங்கவில்லை, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்னவங்களுக்கு நன்றி. "சிஆர்பி பாருங்க" (உடம்பில் அழற்சி, அதாவது உள்வீக்கம், இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) என்ற யோசனைதான் பலித்தது. 5க்குள் இருக்க வேண்டியது 38. வேலூரில் பார்த்த டாக்டர் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், மூட்டு அழற்சி நோய்) என்றார். ஐஎல்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் மூளையையும் பாதித்து மனசைச் சோர்வாக்கலாமாம். அழற்சியை அடக்க மெத்தோட்ரெக்சேட் மருந்து கொடுத்தார் (வாரத்துக்கு ஒருமுறைதான், தினமும் போட்டால் ஆபத்து). பத்து வாரத்தில் சிஆர்பி 9.

எதிர்பாராதது: மூட்டுவலி முழுசாகப் போகும் முன்பே அம்மா வாசலில் கோலம் போட்டாங்க, புள்ளி கோணலாக. ராத்திரிப் படபடப்பு மட்டும் போகலை, மனநல மாத்திரையும் தொடர்கிறது. மனச்சோர்வு இருக்கிற எல்லோருக்கும் சிஆர்பி ஏறியிருக்காது என்றும் டாக்டர் சொன்னார்.