ரிக்கோ மெஷினும் நம்ம மலையும்: உங்க அனுபவத்தை எழுதுங்க

பெட்ஃபோர்டு மெக்கானிக்

குன்னூர்ல ஜெராக்ஸ் மெஷின் சர்வீஸ் பண்றேன். ஊட்டி, கோத்தகிரி, கூடலூர்னு டூல்ஸ் பையைத் தூக்கிட்டு ஓடுற பொழப்பு. கேனான், கியோசெரான்னு எதைக் கழட்டி மாட்டினாலும் கை ஊறினது ரிக்கோவுலதான். அந்தக் கம்பெனி வளர்ந்த கதையைக் கொஞ்சம் படிச்சு வெச்சிருக்கேன். நம்ம மலையில அதோட மெஷினைப் பார்த்தவங்க, ஓட்டினவங்க, திட்டினவங்க எல்லாரும் எழுதுங்க.

நான் ஆரம்பிக்கிறேன். 1936 பிப்ரவரியில ஜப்பான்ல ரிக்கென் ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து பிரிஞ்சு வந்த கம்பெனி இது. அப்போ மெஷின் எல்லாம் கிடையாது. வெளிச்சம் பட்டா மாறுற தாள், அதாவது பிளான் பிரிண்ட் எடுக்கிற தாள், அதைத்தான் வித்தாங்க. தலைமை இச்சிமுரா கியோஷி. 1955இல் ரிகாப்பி 101னு மேஜைமேல வைக்கிற காப்பி மெஷின் வந்தது. 1963இல் பேரு ரிக்கோன்னு மாறிச்சு. 1974இல் ஆபீசுக்கான வேகமான டிஜிட்டல் ஃபேக்ஸ், ரிஃபேக்ஸ் 600எஸ். அடுத்த வருஷமே தரக்கட்டுப்பாட்டுக்கு டெமிங் பரிசு.

இதுல எனக்குப் புடிச்ச விஷயம் ஒண்ணு. தீர்ந்து போற சரக்கை வித்துப் பொறந்த கம்பெனி இது. இன்னிக்கும் வருமானம் அங்கேதான். மெஷினுக்கு ஒரு தடவை காசு, டோனர்ங்கிற மைப்பொடி, படம் விழற ட்ரம், பிளேடு, ரோலருக்கு ஆயுசு முழுக்கக் காசு. பெரிய ஆபீஸ்ல மெஷினை விக்கக்கூட மாட்டாங்க. மீட்டரைப் பார்த்து காப்பிக்கு இத்தனை பைசான்னு பில் போடுவாங்க.

கட்டபெட்டு பெரியவர்

தம்பி, நீங்கள் ஜெராக்ஸ் காலத்துப் பிள்ளை. நான் எஸ்டேட் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எங்களிடம் இருந்தது ஜெஸ்டட்னர். கையால் சுற்றும் சைக்ளோஸ்டைல் மெஷின். டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்கிவிட்டு ஸ்டென்சில் தாளில் எழுத்தை வெறுமனே அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் ஆங்கில 'ஓ' எழுத்தின் நடுப்பகுதி அப்படியே கழன்று விழுந்துவிடும், காப்பியில் கருப்புப் பொட்டாக வரும். மெதுவாக அடித்தால் எழுத்தே விழாது. தப்பை அழிக்க ஒரு சிவப்பு மருந்து, நெயில் பாலிஷ் வாசனை அடிக்கும். போனஸ் அறிவிப்பு, லீவு அறிவிப்பு போன்ற தமிழ்ச் சுற்றறிக்கைகளை ஊசிமுனைப் பேனாவால் கையாலேயே கீறுவோம்.

டிசம்பர், ஜனவரி காலைகளில் மசி ட்யூபைப் பிதுக்கினால் வராது. டீ போடும் அடுப்புப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால்தான் இளகும். சம்பள நாளுக்கு முதல் நாள் என் சட்டைக் கையில் மசி இல்லாமல் வீட்டுக்குப் போனதில்லை. வீட்டில் அதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை.

அந்த ஜெஸ்டட்னர் ஹங்கேரிக்காரர். லண்டனுக்கு வந்து 1881 வாக்கில் சைக்ளோஸ்டைலைக் கொண்டுவந்தவர். ரிக்கோவுக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டா?

பெட்ஃபோர்டு மெக்கானிக்

நல்லா இருக்கு சார். 1995இல் ஜெஸ்டட்னரை ரிக்கோ வாங்கிடுச்சு. நீங்க சுத்தின மெஷினோட வம்சம் இப்போ ரிக்கோ வீட்டுலதான்.

அதே வருஷம் அமெரிக்காவுல சேவின்னு ஒரு கம்பெனியையும் வாங்கினாங்க. அதுதான் சுவாரஸ்யம். 1975இல் ரிக்கோ செஞ்ச திரவ டோனர் மெஷினை சேவின் தன் பேரை ஒட்டி வித்துச்சு. விலை கம்மி, ரிப்பேரும் கம்மி. ஜெராக்ஸ் கம்பெனியோட மார்க்கெட்டை அது நல்லாவே கடிச்சது. அப்படித் தனக்கு வித்துக் கொடுத்தவனையே இருபது வருஷம் கழிச்சு வாங்கினாங்க. 2001இல் லேனியர், 2008இல் ஐகான். கடைசியா சொன்னது மெஷின் செய்யற கம்பெனி இல்ல. விக்கிறதும் சர்வீஸ் பண்றதும்தான் அதோட தொழில். கஸ்டமரைக் கையில வெச்சிருக்கிறவனைத் தேடித் தேடி வாங்கியிருக்காங்க. வெறும் நல்ல மெஷினை வெச்சு அந்த உயரத்துக்குப் போயிருக்க முடியாதுன்னு நான் நினைக்கிறேன்.

இந்து நகர் பொண்ணு

வெளிச்சம் பட்டா மாறுற தாள்னு படிச்சதும் எழுதாம இருக்க முடியல அண்ணா. எங்க அப்பா ஊட்டி எச்.பி.எஃப்.ல, இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்ல வேலை பார்த்தவர். 1960இல் தொடங்கின அரசு கம்பெனி, பிரெஞ்சு பௌஷே கம்பெனியோட தொழில்நுட்பம், 1967இல் உற்பத்தி. எக்ஸ்ரே ஃபிலிம், கருப்பு வெள்ளை ஃபிலிம், போட்டோ பேப்பர் எல்லாம் 'இந்து'ன்னு பேர் போட்டு நாடு முழுக்கப் போச்சு.

அப்பாவுக்கு இருட்டுல வேலை. ஃபிலிம்ல மருந்து பூசுற இடத்துல வெளிச்சம் விடக்கூடாது. கையும் சுவரும்தான் கண்ணு. வீட்டுல கரண்ட் போனா நாங்க மெழுகுவத்தி தேடுவோம், அவர் பாட்டுக்கு நடந்து போய் அலமாரியில இருந்து எடுத்துட்டு வருவார். ஒரு பாத்திரம் உருண்டதில்ல.

கிட்டத்தட்ட ஒரே மாதிரி சரக்கோட ஆரம்பிச்ச ரெண்டு கம்பெனி. ஒண்ணு தாள்லேர்ந்து மெஷினுக்குப் போச்சு, ஃபேக்ஸுக்குப் போச்சு, பிரிண்டருக்குப் போச்சு. எங்களுது கலர் வந்தப்பவும் டிஜிட்டல் வந்தப்பவும் அங்கேயே நின்னுச்சு. 1996இல் நலிவடைந்த நிறுவனம்னு பி.ஐ.எஃப்.ஆர்., அதாவது நொடிச்ச கம்பெனிகளைப் பார்க்கிற அரசு வாரியம், அறிவிச்சாச்சு. அதுக்கப்புறம் சம்பளம், விருப்ப ஓய்வு, கோர்ட்டுன்னு இழுத்துச்சு. தொழிலாளி சரியில்லன்னு யாராவது எழுதினா நான் சண்டைக்கு வருவேன். அடுத்து என்ன செய்யணும்னு முடிவெடுக்கிற இடம் ஃபேக்டரி இருந்த இந்து நகர்ல இல்ல.

லவ்டேல் தம்பி

அக்கா சொன்னது சரி. ஆனா ரிக்கோவை ரொம்பத் தூக்கி வைக்காதீங்க. இந்தியாவுல அவங்க கதை வேற. 2016இல் ரிக்கோ இந்தியாவோட கணக்குல முறைகேடுன்னு வெளிவந்து ஷேர் வாங்கினவங்க கதறினாங்க. 2018இல் திவால் சட்டத்துக்குள்ள போச்சு. அப்புறம் வேற கைக்கு மாறி இப்போ மினோஷான்னு பேரு. வளர்ச்சின்னா இதையும் சேர்த்துதான் சொல்லணும்.

பெட்ஃபோர்டு மெக்கானிக்

சொல்லணும்தான் தம்பி. மறுக்கல.

நாடுகாணி கடைக்காரர்

அண்ணே, நம்ம அனுபவம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

எங்க குடும்பம் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல, அதாவது தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பின ஒப்பந்தத்துல, இலங்கையில இருந்து வந்தது. கூடலூர் பக்கம் கடை போட்டப்ப எனக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம், இங்க ஜெராக்ஸுக்கு ஆள் வந்துட்டே இருக்கும்ங்கிறது. கண்டியில கொடுத்த பாஸ்போர்ட், குடும்ப அட்டை, அரசு தேயிலைத் தோட்டமான டேன்டீ வேலை காகிதம், சாதிச் சான்றிதழ் மனு. இன்னொரு பக்கம் ஜன்மம் நிலத்துக்காரங்க, பழைய ஜமீன் மாதிரி ஜன்மிகள்கிட்ட இருந்த நிலம் அது. அந்த உரிமையை ஒழிச்ச 1969 சட்டத்துலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் கேஸு. ஒரு கட்டு காகிதம் கொண்டாந்தா நாலு செட் கேப்பாங்க.

முதல்ல வாங்கினது ரிக்கோ எஃப்.டி. மெஷின், பழசு. ஒவ்வொரு காப்பிக்கும் உள்ள லைட்டு ஒரு தடவை போய்ட்டு வரும். பத்து காப்பின்னா பத்து தடவை. மூடியைச் சரியா மூடலேன்னா கடை முழுக்கப் பச்சை வெளிச்சம் அடிக்கும், பொடிப்பசங்க அதைப் பார்க்கவே வந்து நிப்பாங்க. வெளிர் நீல மையில எழுதினது அதுல விழவே விழாது. பாஸ்போர்ட்டுல அப்படி ஒரு கையெழுத்து இருந்தா, அதுமேல மஞ்சள் கண்ணாடித்தாளை வெச்சு எடுப்பேன். கொஞ்சம் தெரியும்.

அப்புறம் டிஜிட்டல் வாங்கணும்னு சென்னைக்குப் போனேன். கன்டெய்னர்ல வந்து இறங்கின ரீகண்டிஷன் மெஷினுங்க, அதாவது வெளிநாட்டுல ஓடின பழசைச் சரி பண்ணினது, வரிசையா நிக்குது. எல்லாரும் ரிக்கோ அஃபிசியோவுக்கு மொய்க்கிறாங்க. மூலையில ஒண்ணு, 'லேனியர்'னு பேரு. கேள்விப்பட்டதே இல்ல. விலை நல்லாவே கம்மி. பெட்ஃபோர்டு அண்ணனுக்குத்தான் போன் போட்டேன். முன்கதவைத் திறந்து டோனர் பாட்டில் எப்படி இருக்குன்னு கேட்டாரு, ட்ரம் யூனிட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாரு. பார்த்துட்டு, "கண்ண மூடிட்டு எடுடா, உள்ள ரிக்கோதான், சட்டைதான் வேற"ன்னாரு.

எடுத்துட்டு வந்தேன். அமெரிக்காவுல இருந்து வந்த மெஷின், 110 வோல்ட். ஸ்டெப்டவுன் கன்வர்ட்டர் இல்லாம சொருகியிருந்தா அன்னைக்கே புகை. வித்தவர் அதைப் பத்தி வாயே திறக்கல, அண்ணன்தான் சொன்னாரு.

கரண்ட்டைச் சமாளிச்சாச்சு, மழையை முடியல. ஜூன் பொறந்தா நாடுகாணியில மேகம் கடைக்குள்ளேயே வந்து உக்காரும். காலையில முதல் அம்பது காப்பி வெளிறிப்போய் திட்டுத்திட்டா வரும். தாள் அப்பளம் மாதிரி சுருண்டு, பொடியைச் சூட்டால தாள்ல ஒட்ட வைக்கிற ஃபியூசர்கிட்ட ஜாம் ஆகும். வாடிக்கையாளர் கோர்ட்டுக்கு பஸ் புடிக்கணும்னு நிப்பாரு, நான் பக்கக் கதவைத் திறந்து கிழிஞ்ச தாளை உருவிட்டு இருப்பேன். ஏன் இப்படி ஆகுதுன்னு அண்ணன் எழுதட்டும்.

பெட்ஃபோர்டு மெக்கானிக்

எழுதறேன். காப்பி மெஷின் மொத்தமும் நிலைமின்சாரத்துல ஓடுது. ட்ரம்ல இருக்கிற டோனர் பொடியை மின்னேத்தம்தான் தாளுக்கு இழுக்குது. தாள் காய்ஞ்சு இருந்தா அந்த மின்சாரம் தாள்லயே நிக்கும். நமுத்த தாள்ல அது கசிஞ்சு ஓடிடும், பொடி முழுசா ஒட்டாது. அதான் திட்டு. அப்புறம் அந்தத் தாள் ஃபியூசர் சூட்டுல போகும்போது உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகும், ஒரு பக்கம் சுருங்கும், சுருளும், ஜாம். மெஷின் மேல குத்தம் இல்ல.

தாள் ட்ரேக்கு அடியில மாட்டுற ஹீட்டர் உண்டு. ஆனா காஞ்ச ஊர்லேர்ந்து வர்ற ரீகண்டிஷன் மெஷின் பலதுல அது இருக்காது. இருக்கிறதுலயும் நம்மாளுங்க ராத்திரி பிளக்கையே புடுங்கிட்டுப் போயிடறாங்க. மெஷினை அணைங்க, பிளக்கை விட்டுடுங்க. ராத்திரிதான் ஹீட்டருக்கு வேலை. ரீமைப் பிரிச்சு வெளியில போட்டு வைக்காதீங்க. மர அலமாரிக்குள்ள, தாளைத் தொடாத மாதிரி ஒரு நாப்பது வாட் குண்டு பல்பு மாட்டி அதுல அடுக்குங்க. நாடுகாணியில அப்படித்தான் பண்ணிக் கொடுத்தேன்.

நாடுகாணி கடைக்காரர்

ஆமாண்ணே. இப்போ அந்த அலமாரியில வீட்டுக்காரம்மா பிள்ளைங்க ஸ்கூல் சாக்ஸையும் காயப்போடுறாங்க.

கொடைக்கானல் டீச்சர்

நான் பழனி மலைப் பக்கம், சேர்த்துக்குவீங்களா? எங்க ஸ்கூல்ல பரீட்சைத்தாள் எல்லாம் ரிக்கோ பிரிபோர்ட்லதான். பார்த்தா ஜெராக்ஸ் மெஷின் மாதிரி இருக்கும், ஆனா உள்ள ஸ்டென்சில். மூலத்தாளை வெச்சா மெஷினே மாஸ்டர் ஃபிலிம்ல சூட்டால பொடிப்பொடியா ஓட்டை போட்டு மசி உருளைமேல சுத்திக்கும். அப்புறம் தடதடன்னு அடிக்கும். கட்டபெட்டு ஐயா கையால செஞ்சதை அது தானா செய்யுது. மசிதான், டோனர் இல்லைங்கிறதால ஈரத்துல கூட அவ்வளவா படுத்தாது. காயறதுக்குள்ள அடுக்கினா மட்டும் பின்பக்கம் கறை ஒட்டும்.

கட்டபெட்டு பெரியவர்

அம்மா, அந்தக் கறை எங்களுக்கும் உண்டு!

லவ்டேல் தம்பி

இப்போ யாரு காப்பி எடுக்கிறாங்க? எல்லாம் போன்ல பி.டி.எஃப். ஆபீஸ்ல தாள் செலவு குறைஞ்சுட்டே வருது. 2024 ஜூலையில ரிக்கோவும் தோஷிபா டெக்கும் எட்ரியான்னு கூட்டுக் கம்பெனி ஆரம்பிச்சு மெஷின் தயாரிப்பை ஒண்ணா சேர்த்துட்டாங்க. அதுவரைக்கும் எதிரி, இப்போ ஒரே பட்டறை. ஜெராக்ஸ் கம்பெனி 2025இல் லெக்ஸ்மார்க்கை வாங்கிடுச்சு. சுருங்குற தொழில்ல இருக்கிறவங்க சேர்ந்து உக்கார்ற மாதிரி எனக்குத் தெரியுது.

பெட்ஃபோர்டு மெக்கானிக்

சேர்ந்துதான் உக்கார்றாங்க, அது சரி. ஆனா தம்பி, தாலுகா ஆபீஸ் வாசல்ல ஒரு திங்கக்கிழமை வந்து நின்னு பாரு. பி.டி.எஃப். அனுப்புன்னு சொன்ன ஆபீஸே மறுநாள் ரெண்டு செட் கேக்கும்.

அரவேணு

அண்ணா, கோத்தகிரியில இ-சேவை மையம் எடுக்கப் போறேன். காப்பி, ஸ்கேன், பிரிண்ட் மூணும் வேணும். ரிக்கோ எம்.பி. 2014 புதுசா எடுக்கவா, ரீகண்டிஷன்ல பெரிய மெஷினா எடுக்கவா? கோயமுத்தூர்ல ஒருத்தர் கலர் மெஷினே அந்த விலைக்குத் தர்றேங்கிறார்.

பெட்ஃபோர்டு மெக்கானிக்

கலர் வேண்டாம்மா. நாலு ட்ரம், நாலு டோனர், நம்ம ஈரத்துல நாலு தலைவலி. கலர் கேக்கிறவங்களுக்கு ஒரு இங்க்டேங்க் பிரிண்டர் ஓரமா வெச்சுக்கோ. ஒரு நாளைக்கு எத்தனை காப்பி ஓடும்னு மொதல்ல கணக்குப் போடு. எம்.பி. 2014 சின்ன மெஷின், நிதானமா ஓட்டினா நிக்கும். நாள் முழுக்கக் கூட்டம்னா ரீகண்டிஷன்ல பெருசா, 220 வோல்ட் மெஷினாப் பாரு. ஐரோப்பாவுலேர்ந்து நஷுவாடெக்னு பேர் போட்டு வரும், அதுவும் ரிக்கோ குடும்பம்தான், பார்ட்ஸ் கிடைக்கும். முன்பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி மீட்டர் ரீடிங்கை பிரிண்ட் எடுக்கச் சொல்லி எனக்குப் போட்டோ அனுப்பு. ட்ரம்மையும் வெளியில எடுத்து வெளிச்சத்துல காட்டச் சொல்லு, கோடு விழுந்திருந்தா அந்த மெஷின் வேண்டாம்.