மறு: 'காஃபின் டெக்ஸ்ட்ஸ்': 'பேழை மந்திரங்கள்' எனலாமா?

குழுவினருக்கு வணக்கம். பண்டைய எகிப்தியர் இறந்தவரைக் கிடத்தும் பெட்டிகளில் எழுதிய சமய வாசகங்களை ஆங்கிலத்தில் 'காஃபின் டெக்ஸ்ட்ஸ்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் உரையாடலின் தொடர்ச்சி இது.

> 'சவப்பெட்டி உரைகள்' என்றே வைத்துவிடலாமே?

ஐயா, எனக்கு 'உரை'தான் இடிக்கிறது. மூலமும் உரையும் என்று படித்துப் பழகியவர்கள் நாம். உரை என்றால் விளக்கம் என்றே கொள்வோம். இவையோ மூலங்கள். 'கல்வெட்டு'ம் சரிவராது, பெரும்பாலானவை மரப்பலகையில் மையால் எழுதியவை.

முதலில் சக்காராவில் உனாஸ் மன்னரின் பிரமிடுச் சுவரில் அரசருக்காக மட்டும் செதுக்கிய வாசகங்கள் இருந்தன. சில நூற்றாண்டுகள் கழித்து, கி.மு. 2000ஐ ஒட்டி, அதே மரபு அதிகாரிகளுக்கும் அவர்கள் மனைவியருக்கும் செய்த பெட்டிகளின் உட்புறத்துக்கு வந்தது. இந்தப் பெட்டி வாசகங்களுக்கு எகிப்தியவியல் அறிஞர் அட்ரியான் டி பக்கின் பதிப்பு 1935 முதல் 1961 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் வாசகங்களுக்கு 1185 வரை எண்ணிட்டிருக்கிறார்கள்.

இவை வாயால் சொல்வதற்கானவை. எகிப்தியச் சமய எழுத்துகளில் அடிக்கடி வரும் தொடக்கம் 'ஜெத் மெது', அதாவது 'சொல்ல வேண்டிய சொற்கள்'. எழுத்துக்கே உயிர் உண்டென்றும் நம்பினார்கள். சில பெட்டிகளில் பாம்பு வடிவ எழுத்தை உடல் துண்டித்தும், பறவை எழுத்தைக் கால் இல்லாமலும் எழுதியிருக்கிறார்கள். உள்ளே கிடப்பவருக்கு அவற்றால் தீங்கு வரக் கூடாதாம்! அப்படிப்பட்ட சொல்லுக்கு 'மந்திரம்' என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

> மந்திரம் என்றால் மாயாஜாலம் என்று எடுத்துக்கொள்வார்களே.

கோயிலில் நாள்தோறும் காதில் விழும் சொல் அது. தமிழ் வாசகர் குழம்ப மாட்டார் என்றே நம்புகிறேன்.

அப்புறம் 'சவப்பெட்டி'. தவறில்லை, ஆனால் எகிப்தியர் பார்வைக்கு நேர் எதிரானது. கல்லால் ஆன சவப்பெட்டியைக் குறிக்கும் 'சார்க்கோபகஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'சதை தின்னி' என்று பொருள். எகிப்தியரோ பெட்டியை 'நெப் அங்க்', அதாவது 'வாழ்வின் தலைவன்' என்றார்கள். மூடியின் உட்புறத்தில் வான்தாய் நூத்தை வரைந்த பெட்டிகளும் உண்டு. இறந்தவர்மேல் அவள் கவிந்து, தன் பிள்ளையாக மறுபடி ஏற்றுக்கொள்கிறாள். இதைப் பிணம் வைக்கும் பெட்டி என்று மட்டும் சொல்ல மனம் வரவில்லை. பேழை என்பது அரிய பொருளைக் காத்து வைப்பது. பல்லாவரத்தில் கிடைத்த சுடுமண் பெட்டியை நம் தொல்லியலார் 'ஈமப்பேழை' என்கிறார்கள். ஆகவே சொல்லும் புதிதல்ல.

என் முன்மொழிவு: தொகுப்புக்குப் 'பேழை மந்திரங்கள்', அதற்கு இணையாகப் 'பிரமிடு மந்திரங்கள்'. பெட்டிக்கு 'ஈமப்பேழை', தேவைப்படும் இடத்தில் மர ஈமப்பேழை, கல் ஈமப்பேழை.

இன்னொன்றுக்கும் சொல் வேண்டும். மத்திய இராச்சியக் காலப் (கி.மு. 2000ஐ ஒட்டிய நூற்றாண்டுகள்) பெட்டிகளின் கிழக்குப் பக்கத்தில், தலைமாட்டருகே, இரு கண்களை வரைந்திருப்பார்கள். உடலை இடப்புறம் சாய்த்து, முகம் அந்தக் கண்களுக்கு நேராக வருமாறு கிடத்துவார்கள், உதிக்கும் சூரியனைப் பார்ப்பதற்காக. 'கண்ணிணை' என்று எழுதிப் பார்த்தேன். பார்ப்பது என்ற செயல் அதில் வரவில்லை. 'நோக்குவிழி' எப்படி இருக்கிறது?