காதல், இழப்பு, துரோகம், கஷ்டகாலம்: எந்த வரியை எங்கே போடுவது?

நிலாமுற்றம்: இந்த நாலு தலைப்பில் பழந்தமிழ் வரிகளைத் தொகுத்து சின்னப் புத்தகமா அச்சடிக்கணும். வாட்ஸ்ஆப்பில் சுத்துற படங்களை நம்ப முடியலை. ஒரே குறளுக்கு ஆளுக்கொரு எண் போடுறாங்க. எப்படிச் சரிபார்க்கிறது? எதை எங்கே வைக்கலாம்?

ஏட்டுச்சுவடி: முதல்ல சீரை (அடியில் இடைவெளி விட்டு எழுதும் ஒவ்வொரு துண்டையும்) எண்ணுங்க. முதலடியில் நாலு, அடுத்ததில் மூணு. ஏழு வரலைன்னா அது குறள் இல்லை, இல்லாட்டி எவரோ சிதைச்சிருக்காங்க.

எண்ணுக்கு: கடைசி இலக்கத்தை நீக்கிட்டு ஒன்று கூட்டினா அதிகார எண் வந்துடும். 828 என்றால் 83, கூடா நட்பு. பூஜ்யத்தில் முடிஞ்சா கூட்டக்கூடாது. 110 இருப்பது 11இல், செய்ந்நன்றி அறிதல். அதிகாரத் தலைப்போடு பொருள் ஒட்டலைன்னா எண்ணைச் சந்தேகப்படுங்க.

அளபெடையில் (ஓசைக்காக உயிரெழுத்தை நீட்டி எழுதுவதில்) கவனம். 623இல் "இடும்பை படாஅ தவர்" என்பதில் அந்த "அ"வை அச்சுப்பிழைன்னு நினைச்சு நீக்கிடுவாங்க. அந்த "அ" இல்லாட்டி "படா" ஓரசைதான் (அசை என்பது சீரின் உறுப்பு). குறளும் வெண்பாதான், கடைசிச் சீர் தவிர வேறெங்கும் வெண்பாவில் ஓரசைச் சீர் நிற்காது.

கார்நாற்பது: இழப்புக்குத்தான் அதிகம் யோசிக்கணும். "நெருநல் உளனொருவன் இன்றில்லை" (336) எல்லோரும் எடுத்துப் போடுவது. அது நிலையாமை அதிகாரம், துறவறவியல். துக்க வீட்டுக்கு அனுப்பினா ஆறுதலா இருக்காது, உபதேசமா இருக்கும். பாரி மகளிர் பாடிய புறநானூறு 112ஐப் பாருங்க: அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் இருந்தது, இற்றைத் திங்கள் இரண்டும் இல்லை. அஞ்சே அடி, தத்துவம் ஒண்ணும் கிடையாது. முழுசாப் போடுங்க, முதல் அடியை மட்டும் வெட்டிப் போட்டா வெறும் நிலாப் பாட்டாயிடும்.

காதலுக்குக் குறுந்தொகை 40 ("யாயும் ஞாயும்") இருக்கவே இருக்கு, எல்லோருக்கும் தெரியும். பிரிவுக்கு 1151ஆம் குறள்: போகலைன்னா என்கிட்ட சொல்லு, சீக்கிரம் வருவேன்னா அதுவரை உயிரோடு இருக்கிறவங்ககிட்ட சொல்லு. இதைவிடக் கூர்மையா எனக்கு எதுவும் தோணலை.

ஒன்னார்: துரோகத்தில் மூணு வகையைக் கலக்காதீங்க. நன்றி கெட்டவனுக்கு 110. நண்பனா நடிக்கும் பகைவனுக்கு 828, "தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்". காதலில் வாக்குத் தவறியவனுக்கு இரண்டுமே பொருந்தாது. அங்கே கபிலரின் குறுந்தொகை 25. அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. கூடிய அன்று சாட்சியா இருந்தது ஒரு குருகு (நீர்ப்பறவை) மட்டும். அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைத்தான் பார்த்துக்கிட்டிருந்தது.

கஷ்டகாலத்துக்கு 621 ("இடுக்கண் வருங்கால் நகுக") தனக்குத்தானே சொல்லிக்க நல்லது. அடிபட்டு நிற்பவரிடம் போய் "சிரி"ன்னா கோபம்தான் வரும். அடுத்தவருக்குக் கொடுக்க 619தான் நல்லது: தெய்வத்தால் ஆகாவிட்டாலும் உழைப்புக்கேற்ற கூலி உண்டு.

நிலாமுற்றம்: நன்றிங்க. சொற்களைப் பிரிச்சு அச்சிடலாமா?

ஏட்டுச்சுவடி: சங்கப் பாடல்களைப் பிரிக்கலாம், படிக்க எளிது. ஆனா குறுந்தொகை 40இல் வரும் "பெயல்நீர்", "பெயனீர்" இரண்டும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஒரே பதிப்பைக் கடைசிவரை பின்பற்றுங்க. குறளைச் சீர்பிரிப்போடு விட்டுட்டு, பிரிச்ச வடிவத்தை உரையோடு கீழே போடுங்க.