பழைய 386-ஐ உயிர்ப்பித்த அனுபவம்: ஆன் செய்யும் முன் மூடியைக் கழற்றுங்கள்

நண்பர் ஒருவரின் அப்பா பயன்படுத்திய, 386 என்ற பழைய பிராசசர் கொண்ட மேசைக் கணினி பரணில் பல வருடம் கிடந்துவிட்டு என்னிடம் வந்தது. "ஓடுமான்னு மட்டும் பாருங்க, அப்பா எழுதின கடிதமெல்லாம் அதுலதான் இருக்கு" என்றார்.

பழைய கணினி கைக்கு வந்தால் உடனே ஆன் செய்து பார்க்கத்தான் தோன்றும். நான் முதலில் மூடியைக் கழற்றிவிடுவேன். தேடுவது ஒரே ஒரு பொருளை: மதர்போர்டில் பல நேரம் கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரி, 3.6 வோல்ட். தேதியும் செட்டிங்கும் மறந்துபோகாமல் இருக்க வைத்தது. என் கைக்கு வந்த போர்டுகளில் ஓடித் தேய்ந்து கெட்டவை குறைவு. சும்மா கிடக்கும்போது இந்த பேட்டரி கசிந்து அரித்தவைதான் அதிகம்.

இதிலும் அதே கதைதான். பேட்டரி முனையில் வெள்ளைப் பொடி, சுற்றிலும் பச்சைக் களிம்பு. பேட்டரியை வெட்டி எடுத்து மின்கழிவில் சேர்த்தேன். காட்மியம் நச்சு, குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. கசிந்தது காரம் என்பதால் வினிகர் தொட்ட பஞ்சை வைத்ததும் லேசாக நுரைத்தது. நுரை அடங்கியதும் தண்ணீர், அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பிறகு நன்றாகக் காயவிட்டேன்.

பவர் சப்ளையைத் தனியாகச் சோதித்து 5, 12 வோல்ட் சரியாக வருவதைப் பார்த்த பிறகே போர்டில் மாட்டினேன். அந்தக் காலத்துப் போர்டுகளுக்கு இரண்டு பவர் கனெக்டர்கள் பக்கம் பக்கமாக வரும். கறுப்பு ஒயர்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டே போய்விடும்.

ஆன் செய்ததும் திரையில் மெமரி எண்ணிக்கை ஓடியது, பிறகு கீபோர்டு எரர். ஆனால் கீபோர்டின் விளக்குகள் ஒரு கணம் மின்னி அணைந்தன. அப்படியென்றால் 5 வோல்ட் போய்ச் சேர்கிறது, கிளாக் (நேரத் துடிப்பு) அல்லது டேட்டா (தகவல்) கோட்டில்தான் கோளாறு. மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் சத்தம் போடும் பீப் நிலையில் வைத்து, சாக்கெட் பின்னிலிருந்து கீபோர்டு கன்ட்ரோலர் சிப்பின் கால்வரை தொட்டுப் பார்த்தேன். டேட்டா கோடு பீப் அடித்தது, கிளாக் கோட்டில் சத்தமே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பச்சைப் பூச்சு கொப்புளித்து, அடியில் செம்பு கறுத்திருந்தது. கண்ணாடி இழைப் பேனாவால் பளபளப்பு வரும்வரை சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடும். அரித்த இடத்தைத் தாண்டி மெல்லிய எனாமல் கம்பி ஒன்றைப் பற்றவைத்தேன். கீபோர்டு பேச ஆரம்பித்தது.

அடுத்து ஹார்ட் டிஸ்க். பேட்டரி இல்லாததால் டிஸ்க்கின் அளவு மறந்துபோயிருந்தது. டிஸ்க்கின் அமைப்பைச் சொல்லும் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை நாமே கொடுக்க வேண்டும். அவை டிஸ்க் மேலுள்ள லேபிளில் இருந்தன (லேபிளை முதலிலேயே படம் எடுத்து வைப்பது என் வழக்கம்). டிஸ்க் சுழன்றது. பழைய டிஸ்க் ஒருமுறை சுழன்றால் மறுமுறையும் சுழலும் என்று நம்ப முடியாது, அதனால் வேறெதையும் தொடாமல் எல்லாக் கோப்புகளையும் காப்பி எடுத்தேன்.

கடிதங்கள் அந்தக் காலத்து எழுத்து மென்பொருளான வேர்ட்ஸ்டாரில் எழுதியவை. இன்றைய கணினியில் திறந்தால் பல சொற்களின் கடைசி எழுத்து மட்டும் விநோதக் குறியாகத் தெரிந்தது. கோப்பு கெட்டுப்போகவில்லை, வேர்ட்ஸ்டார் சொல் முடிவைக் குறிக்க அந்த எழுத்தின் எட்டாவது பிட்டை (0/1 இலக்கத்தை) 1 ஆக்கிவிடும். அந்த பிட்டை நீக்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதியதும் ஆங்கிலக் கடிதங்கள் முழுதாகப் படிக்க வந்தன. நண்பர் அவற்றை அச்சிட்டுக் குடும்பத்தில் எல்லாருக்கும் கொடுத்தார்.

உறை மஞ்சளடித்திருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். பெராக்சைடு போட்டு வெளுக்கலாம்தான், ஆனால் மஞ்சள் திரும்பி வருவதுண்டு. அந்த உழைப்பை உள்ளே இருக்கும் போர்டுக்குக் கொடுப்பதே எனக்கு முக்கியம்.

புதிதாக பேட்டரி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த போர்டுகள் பழைய பேட்டரியை சார்ஜ் செய்யும். அதே இடத்தில் நாணய வடிவ லித்தியம் செல்லை நேரடியாக வைக்காதீர்கள், சார்ஜ் ஏறினால் ஆபத்து. இடையில் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றைப் போட்டு, செல்லை ஒயர் மூலம் போர்டிலிருந்து தள்ளி வையுங்கள். இனி கசிந்தாலும் போர்டில் படாது.